எர்த் குழிக்கு ஒரு குடம்

பம்ப் செட் அறையை ஆபீஸாக மாற்றப்போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அங்கன கரண்டு வேணாம்" என்றாள்.

திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக் கடைசியில் கிணறு, கிணற்றை ஒட்டி அந்த அறை. மிளகாய்க் கமிஷன் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அதை வைக்க வீட்டுக்குள் இடமில்லை. கடைக்காரர்கள் வந்தால் அடுப்படி வாசலில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். அந்த அறையோ சும்மா கிடந்தது. சும்மா கிடந்தது என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒருநாளும் சும்மா கிடக்காத இடம் அது ஒன்றுதான்.

என் அண்ணன் அங்கேதான் செத்தான். எண்பதுகளில் ஒரு கொடுங்கோடை. கிணறு சேறாகிப்போய், பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. தென்னங்கன்றுகளுக்காவது பாய்ச்சலாம் என்று மோட்டாரைப் போடப் போனான். மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்திருந்தது, தொட்டுவிட்டான். பிறகு லைனைத் துண்டிக்க வந்த ஒயர்மேன் அறைக்கு வெளியே இருந்த எர்த் குழியைப் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "குழி இப்புடிக் காஞ்சு கெடக்கே, ஒரு குடம் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாதா?"

கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்த குழி அது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால்தான் இழுக்கும். தினம் அதில் ஒரு குடம் ஊற்றுவது அம்மாவின் வேலை. அந்தக் கோடையில் தெருக்குழாயில் காத்துக்கிடந்து கொண்டுவரும் தண்ணீர் உலைக்கே பற்றவில்லை. குழிக்குரிய குடம் அடுப்படிக்குப் போனது. அந்தச் சோற்றை எல்லோரும்தான் தின்றோம், அண்ணனும் தின்றான்.

லைனை அறுத்த பிறகு அம்மா மறுபடி ஊற்றத் தொடங்கினாள். கரண்டே இல்லாத அறைக்கு, இனி ஓடாத மோட்டாருக்கு, இருபது வருஷம் போல ஊற்றினாள். எங்களைப் பெற்ற அய்யா செத்த அன்றைக்குக்கூட, கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு குடத்தோடு போய் வந்தாள். மகனுக்குத் தாகம் தீர்க்கிறாள் என்று ஊர் சொன்னது. "செத்தவனுக்குக் குடங்குடமா ஊத்து, இருக்கவ குளிக்காமப் போறேன்" என்று நான் கத்துவேன். என் கோபம் தண்ணீருக்காக இல்லை. விடியலில் அந்தக் குழிக்குள் தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கும். யாரோ குடிக்கிற மாதிரியே கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பயம்.

அம்மாவின் பேச்சைக் கேட்காமல்தான் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பாம்பன்காரர். கடலுக்குப் போகிற குடும்பம், ஆனால் வள்ளத்தில் கால் வைத்தாலே இவருக்கு வாந்தி. அதனால் ஒயரிங் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். காதில் பென்சில், கையில் பழைய காலண்டர் தாள். அறையைத் திறந்துவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கன உக்காருவீகக்கா?" என்றார்.

மோட்டார் இருந்த மூலைக்கு எதிர்மூலையைக் காட்டினேன். லைட்டுக்கு ரெண்டு பாயிண்ட், ஃபேனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்குத் தனி பிளக், வீட்டிலிருந்து மண்ணுக்குள் குழாய் போட்டு ஒயர் இழுக்கிற கூலி என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கணக்குப் பார்க்கிறவளிடம் விலை சொல்லி ஒருவரும் லேசில் தப்ப முடியாது. ஒவ்வொன்றையும் குடைந்தேன். புது எர்த் குழிக்கு அவர் போட்ட தொகையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"எர்த்துக்கு மட்டும் இம்புட்டா? பழைய குழி இருக்குல்ல."

"அது செத்த குழிக்கா" என்றவர் அம்மா பக்கம் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "இம்புட்டு வருசமாக் காஞ்சு கெடந்தது எதுக்காகும்?"

"பாத்துட்டுச் சொல்லுங்க."

முனகிக்கொண்டே போய்க் கடப்பாரையைக் குழிக்குள் இறக்கினார். உருவினால் முனையில் கறுப்பாக ஈரமண் அப்பியிருந்தது. அதை விரலில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். பிறகு அடுப்படி பிளக்கிலிருந்து நீளமாக ஒரு ஒயரை இழுத்துவந்து பல்ப் ஹோல்டரின் ஒரு முனையில் சேர்த்தார். மறுமுனையைக் குழியிலிருந்து அறைக்குள் வரும் பழைய கம்பியோடு முறுக்கினார். குழி செத்திருந்தால் பல்ப் எரியாது, உயிர் இருந்தால் எரியும் என்றார்.

எரிந்தது. இருட்டறையில் சுவரெல்லாம் தெரிய எரிந்தது. ஆயுசில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த அறையில் நான் பார்த்ததில்லை.

அவர் காலண்டர் தாளில் எர்த் வரியைக் குறுக்கே அடித்தார். அடித்ததைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். செலவு குறைந்தது என்ற அற்ப சந்தோஷம். திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறாள்.

"எரியுதா தம்பி?"

"முழுசா எரியுதும்மா. புதுசாத் தோண்டுனாக்கூட இப்புடி இருக்காது."

அம்மா பல்பையே பார்த்தாள். "அப்ப, அன்னிக்கு நான் ஒரு குடம் ஊத்தியிருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?"

இத்தனை வருஷமும் அவள் குடத்தோடு நடந்தது இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்த பழைய பியூஸ் பலகைக்குப் போனார். ஒரு பியூஸ் கட்டையை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டார்.

"இதுல தடிச்ச கம்பியப் போட்டு வச்சிருக்காகம்மா. அடிக்கடி பியூஸ் போகுதுன்னு நெறயப் பேரு செய்யிறதுதான். மெலிசாப் போட்டிருந்தா கரண்டு எர்த்துல எறங்கயில அந்துபோயி ஆளக் காப்பாத்தும். இது அறாது. நீங்க கொளத்தையே கொண்டாந்து ஊத்தியிருந்தாலும் அன்னிக்குக் காப்பாத்தியிருக்க முடியாது."

அவர் விரல் மூடுவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். உள்ளே இருந்தது மயிரிழைக் கம்பி. இருக்கத்தானே செய்யும். அண்ணன் ஒயரை உரித்து, ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பியூஸ் கட்டுவான். பக்கத்தில் நின்று பேசினால்கூடத் திட்டுவான். தடித்த கம்பி போடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று கத்த வாயெடுத்தேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் செத்த அன்று அழாதவள், அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அழுது முடித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள், "சரி தம்பி, வேலையப் பாரு."

ஆபீஸ் வந்தது. குழிக்கு ஊற்றுவதை அம்மா நிறுத்தவில்லை. இனி ஊற்றுவது எனக்காக என்றாள். காலையில் நான் அறையைத் திறக்கும்போது குடத்தோடு வந்து நிற்பாள். "அவந்தான் தடிச்ச கம்பியப் போட்டுட்டானாம்ல, கூறுகெட்ட பய" என்பாள். சொல்லும்போது அவள் முகம் லேசாகியிருக்கும்.

"ஆமாம்மா" என்பேன்.

வெளியே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், மோட்டார் இருந்த மூலையைப் பார்த்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.