சமணர் மலைப் படிகள்

அன்று மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனது நான், என் மனைவி, எங்கள் தெரு முக்கு ஆட்டோக்காரர் என மூன்று பேர்தான். மனைவிக்கு இருதய ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. படி ஏறலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. வீட்டு மாடிக்குக்கூட அவளை விட்டதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். டாக்டர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்ற பயம் வேறு.

அடிவாரத்து அய்யனாரைக் கும்பிட்டதும், மேலே இருக்கிற சிலைகளைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அவள் படியில் கால் வைத்துவிட்டாள். நான் பின்னாலேயே போய், "மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஒங்களுக்குப் பதில் சொல்லித்தான் வாங்குது," என்றாள்.

மேலே சுனைக்குப் பக்கத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களை ஒவ்வொருவராக நின்று பார்த்தாள். நானோ சிலைகளை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்த்திருந்தது; ஆனாலும் சிரித்த முகம். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோது, என் பயத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் ஆட்டோக்காரர், வெயிட்டிங்கோடு சேர்த்து எழுநூறு என்றார். மனைவி அறுநூறை மட்டும் நீட்டினாள்.

"மிச்சத்த அடுத்த தடவ மலைக்குப் போறப்பத் தாரேண்ணே. கடன் இருந்தா இவுகளுக்குத் தூக்கம் வராது, தானாக் கூட்டிட்டுப் போயிருவாக."

"அப்ப நான் கேக்கவே மாட்டேம்மா," என்று சிரித்தபடி அவர் வண்டியைத் திருப்பினார்.

அதற்கப்புறம் இரண்டு தடவை மலைக்குப் போய் வந்துவிட்டோம்; இன்னும் நூறு ரூபாய் பாக்கி.