மெக்கா என்று எழுதிய கேசட்

என் கணவர் மௌத்தான அன்று மடவளையில் கொட்டு மழை. வந்த சனமெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஜனாஸாவைத் தூக்கும் நேரம் பார்த்தால், ஒரு செருப்புக்கூட நனையவில்லை. பக்கத்து வீட்டு ஹில்மி நானா ஒரு தறப்பாளை மேலே விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்திருந்தார். அது அவருடைய ஒழுகும் கூரையை மூடியிருந்த தறப்பாள். அன்று அவர் வீட்டுக்குள் மழை பெய்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

இப்படிப்பட்ட மனிதர்மேல் கோபப்படலாமா? நான் பட்டேன். ஹில்மி நானாவும் மௌத்தாகி இரண்டு வருஷமாகியும் அது முழுதாய்ப் போகவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அக்குறணையில் ஓர் இரும்புக் கடையில் அவருக்கு வேலை. அதற்கு முன் சவூதியில் சமையல்காரர். அங்கே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி கேசட்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் ஒரே பழைய இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டி. ஊர் ஊராகப் போய் மேடையில் பாடியதை அப்படியே ஒலிப்பதிவில் பிடித்தவை.

நானோ பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள். எங்கள் சீவியமே அதில்தான். இங்கே பிள்ளைகள் அலிஃப், பே என்று தொடங்க, சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் இடிக்கும்.

"நானா, நேத்தும் இதே பாட்டு தானே போட்டீங்க?"

"நேத்து போட்டது வேற ஊரு, புள்ள. இது வேற ஊரு."

"பாட்டு ஒண்டு தானே!"

"பாட்டு ஒண்டு தான். சனம் வேற."

"கொஞ்சம் சத்தத்த கொறச்சி சரி போடுங்களேன்."

"கொறச்சா சனத்துட சத்தம் கேக்காதே."

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

கடைசியில் தாய்மார் திரண்டு வந்துவிட்டார்கள். என்னை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் றலியாதான் முன்னுக்கு நின்றாள். "பாயிஸா தாத்தா, அந்த மனிசன் நிப்பாட்டோணும். இல்லாட்டி புள்ளைகள வேற எடத்துக்கு அனுப்புவோம்."

பிள்ளைகள் போனால் என் சீவியம் போச்சு. ஆனாலும் தறப்பாள் விரித்த மனிதரை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அவர் அவற்றை இரண்டு முற்றத்துக்கும் நடுவே உள்ள சுவர்மேல் வெயிலுக்கு அடுக்கி வைப்பார். அன்று காலை அதில் ஒன்றைக் கண்டிருந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசித்தால், மெக்கா!

"அவர் அப்பிடிப்பட்ட மனிசன் இல்ல. அவர்ட்ட மக்காவில புடிச்ச கேசட்டும் ஈக்கி. கேட்டுப் பாருங்க" என்று அதை எடுத்து வந்து என் செட்டில் போட்டேன்.

கடல் இரைவதுபோல் சனத்தின் இரைச்சல். ஆயிரக்கணக்கான குரல்கள். "ஹாஜிமார்" என்றேன். றலியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். ஒருத்தி "சுப்ஹானல்லாஹ்" என்றாள். எனக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் மேளம் இடித்தது. அதற்கு மேல் ஒருவன் கத்தினான், பாருங்கள்!

செட்டை நிறுத்தப் போய், சத்தத்தைத்தான் இன்னும் கூட்டிவிட்டேன். அசர் தொழுதுவிட்டு வந்த ஹில்மி நானா வாசலில் நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அது இங்கிலாந்துல ஒரு டான்ஸ் மண்டபத்துட பேரு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தாய்மாரைப் பார்த்து, "பிழ என்ட தான். நான் தான் அத செவத்துல வெச்ச. புள்ளைகள எங்கயும் அனுப்ப வாணாம். நான் போறன்" என்றார்.

மண்டபத்துக்கு வைக்க வேறு பேரா கிடைக்கவில்லை அந்த வெள்ளைக்காரர்களுக்கு!

அந்த மாதமே பல்லேகலையில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிட்டார். சாமான் ஏற்றிய ஓட்டோ நிற்க, நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "சத்தத்த கொறச்சா முடிஞ்சி போற விசயத்துக்கு ஊட்டையே உட்டுட்டு போறீங்களா, நானா?"

"தனியா ஈக்கிற ஊட்டுக்கு சனம் வேணும் தானே, புள்ள. அங்க மெச் நாள்ல நெசமாவே சனம் சத்தம் போடும்."

பிறகு அந்தக் கேசட்டை என் கையில் வைத்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இத நான் என்ன செய்யிற?"

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"சனத்துட சத்தம் ஒங்களுக்கு. மேளம் வர முந்தி நிப்பாட்டிருங்க."