எல்லாருக்கும் சேர்த்து அரை ஷிப்ட்

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் என்றால், மேலே வாங்குகிற திட்டை அப்படியே கீழே கொடுப்பதுதான் வேலை. நின்று நின்றே கால் வீங்கிய என்னைப் போன்ற சூப்பர்வைசர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலம்பாளையத்தில் நானும் பல வருடம் கொடுத்தேன். ஒருத்தியிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

மெஷின் கேட்டவள்

ரஹீமா மன்னார்க்காரி. சண்டைக்குப் பயந்து படகேறி வந்து, கணவனோடும் மகளோடும் அகதி முகாமில் இருந்தாள். முகாமில் "அவங்க முஸ்லிம்" என்று ஒதுக்கினார்கள். இங்கே பள்ளிவாசல் தெருவில் "சிலோன்காரி" என்று ஒதுக்கினார்கள். செக்கிங்கில் சேர்ந்த மறுநாளே ஓவர்லாக் தையல் மெஷின் கேட்டாள். அப்போது எங்கள் கம்பெனியில் தைப்பவர்கள் எல்லாம் ஆண்கள்; எதிரே நின்று பீஸ் எடுத்துக் கொடுக்கிற கைமடி வேலைதான் பெண்களுக்கு. "அதெல்லாம் ஆம்பளைங்க ஓட்டறது கண்ணு" என்றேன்.

"மெஷினுக்கு அது தெரியுமா அக்கா?"

கதவு

மெஷின் கிடைத்தது. அதோடு அடியும் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருந்த கணவனுக்கு, பெண்டாட்டி டெய்லரானது கௌரவக் குறைச்சலாம். போலீசுக்குப் போனால் முகாமிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அகதிக்கு அதை விட்டால் வேறு இடம் ஏது? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "கதவு இடிச்சிட்டுது" என்றாள். தென்காசிப் பக்கத்துச் செல்வி, அவளுடைய கைமடி, கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு வெரலா?"

வேன்

கம்பெனி வேன் யாருக்காகவும் நிற்காது. லேட்டானால் அரை ஷிப்ட் கூலி போச்சு; அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் இருக்கும். ஒருநாள் காலையில் முகாம் முனையில், இனி வேலைக்கே போகக் கூடாது என்று கணவன் ரஹீமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். செல்வி இறங்கினாள். அவள் பின்னாலேயே வேனில் இருந்த அத்தனை பெண்களும் இறங்கி அவனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் அவனைத் தொடவில்லை, பேசவும் இல்லை. அவனாகவே கையை விட்டான்.

ஷிப்மெண்ட் நேரம் வேறு. லேட்டாக வந்து இறங்கியவர்களைப் பார்த்து நான் கத்தினேன். காரணம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினேன். இருந்தாலும் ரூல் ரூல்தானே என்று இழுத்தேன்.

"அரை ஷிப்ட்டுதானக்கா, வெட்டிக்கோங்க. எல்லாருக்கும் சேத்து வெட்டுங்க," என்றாள் செல்வி.

வேலை கேட்டு வந்தவன்

ரஹீமா மகளைக் கூட்டிக்கொண்டு, முகாமிலேயே தனியாக இருந்த ஒரு விதவையின் வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் கழித்து, பேக்கிங்கில் வேலை கேட்டு அந்தக் கணவனே வந்து நின்றான். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று முதலாளி ரஹீமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்கட விருப்பம் முதலாளி. அவர் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவன்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வேலையும் போனால் இவள் என்ன செய்வாள் என்று நடுங்கியது நான்தான். என்ன தைரியம் அவளுக்கு! முதலாளி அவனைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தம்பி, பேக்கிங்குக்கு ஆளு நாளைக்கே வருவாங்க. இந்தம்மா மாதிரி டெய்லருக்கு நான் எங்கீங்க போவேன்? போயிட்டு வாங்க."

ஓர் ஆளை இவ்வளவு மரியாதையாகவும் துரத்தலாம் என்பதை, கத்திக் கத்தியே காலம் தள்ளிய நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.