"என்ன கேட்டாங்க?"

ஓசூரில் எங்கள் கம்பெனி லேப் வேலைக்கு நேர்முகத் தேர்வு தொடங்கவிருந்த காலையில்தான் அந்த ஃபோன் வந்தது. பாலக்கோட்டிலிருந்து ஷாஹிதாவின் தம்பி. "அக்கா மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம். அதுக்குள்ள வந்துடுங்கக்கா." சில வாரங்களாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். தேறிவிடுவாள் என்றே நினைத்திருந்தேன். தேர்வுக்குழுவில் எனக்கு மாற்று ஆள் வந்து சேரும்வரை, முதலில் வருபவரையாவது நான் கேள்வி கேட்டாக வேண்டும். வெளியே போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தேன். ஒரு காலத்தில் அங்கே அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

தர்மபுரியில் எங்களோடு வேதியியல் படித்தவர்களுக்கு அவளைத் தெரியும். பாலக்கோட்டுத் தையல்கடைக்காரர் மகள். நான் கடத்தூர்க்காரி, யாராவது கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ரகம். படிப்பு முடிந்து போன இரண்டு நேர்முகத் தேர்விலும் வாயைத் திறக்காமல் திரும்பியிருந்தேன். ஷாஹிதா விடவில்லை. ஓசூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகாரி குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கேள்வி கேட்பாள். ஒருமுறை முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ள சொல்றது சரிதானுங்களே, வேலைய குடுத்துடுங்க" என்றார். எனக்கு மானம் போயிற்று.

மூன்றாவதாக இந்தக் கம்பெனித் தேர்வுக்கு வந்தபோது விளையாட்டெல்லாம் ஓய்ந்துவிட்டது. "இதுவும் ஆவலன்னா அக்காகூட திருப்பூருக்குக் கெளம்பிடு" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். அக்கா பனியன் கம்பெனியில் இருந்தாள். ஷாஹிதாவின் தையல்கடைக்கார அத்தாவும் இனி ஓசூருக்கு அனுப்புவதில்லை என்றிருந்தார். இருந்ததோ ஒரே ஓர் இடம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவளை எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "என்ன கேட்டாங்க?" என்றார்கள். வெளியே வருகிறவர்கள் வழக்கமாக, "சும்மா, பொதுவாத்தான்" என்று நழுவிவிடுவார்கள். இவள் நின்றாள். கேட்ட கேள்விகளை எல்லாம், தான் திணறிய இடம் உட்பட, உரக்கச் சொன்னாள். "சரக்கு சரியில்ல, ஆனா மேலதிகாரி சரின்னு எழுதச் சொல்றாரு, என்ன செய்வேன்னு கேட்டாங்க. நான் முழிச்சிட்டேன். நீங்க யோசிச்சு வெச்சுக்குங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை ஓரமாக இழுத்துப்போய், "பைத்தியமாடி உனக்கு? இருக்கறது ஒரு எடம்" என்றேன்.

"கேள்விய சொன்னா பதில் வந்துருமா? பயந்தான் போவும்" என்றாள்.

உள்ளே போனேன். அதே கேள்வி வந்தது. "பார்த்ததைத்தான் எழுதுவேன் சார். வேற மாதிரி எழுதணும்னா அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்." பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் படித்த பெயர் என்னுடையது. ஷாஹிதா என் முதுகில் தட்டிச் சிரித்தாள். பஸ் ராயக்கோட்டை தாண்டும்வரை தாங்கினாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "அத்தாகிட்ட என்னன்னுடி சொல்றது?" அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாலக்கோட்டில் அவள் இறங்க எழுந்தபோது, "சொல்லாம இருந்திருக்கலாமில்ல?" என்று கேட்டேன். "அடுத்த தடவையும் சொல்லுவேன்" என்றாள். அத்தாவோடு மல்லுக்கட்டி மறுபடி ஓசூருக்கு வந்தாள். வேறொரு கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை ஒவ்வொரு வராந்தாவிலும் நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஃபோன் வந்த அந்தக் காலையில் நான் கேள்வி கேட்ட முதல் பெண் எழுந்து வெளியே போனாள். கதவுக்கு அப்பால், "என்ன கேட்டாங்க?" என்று பல குரல்கள். "சும்மா, பொதுவாத்தான்" என்றாள் அவள். மாற்று ஆள் வந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அசருக்குள் பாலக்கோடு போய்ச் சேர வேண்டும், பஸ் கிடைக்குமோ என்னவோ. ஆனாலும் நின்றேன். ஷாஹிதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். உள்ளே நான் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் இடத்துக்கு வந்தவர் வேறு கேள்வி யோசித்துக்கொள்ளட்டும்.

கடைசி நாற்காலியில் இருந்த பெண், "நீங்க எதுக்கு மேடம் சொல்றீங்க?" என்றாள்.

"வெளிய வர்றவங்கதானே சொல்லணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.