படம் போடாத சாஃப்ட்வேர்

லிஃப்ட் மெக்கானிக்கின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அவர் மனைவி வேறு கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டரை வாங்கி மேஜையில் வைத்துவிட்டாள். பதினோரு வருடமாக வீட்டுக் கணக்கு எழுதிவந்த சாஃப்ட்வேர் இதில் ஓடாது என்று தெரிந்ததும் மனிதருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மனைவியின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேறு கணக்கு சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். முதலாவதில் எழுத்து பொடிசு என்றார். இரண்டாவதில் கலர் கண்ணைக் குத்துகிறது என்றார்.

"இதைப் பாருங்க அத்தான். எதுக்கு எவ்வளவு போச்சுன்னு வட்டப் படமாவே போட்டுக் காட்டிடும்."

"படம் பாக்கவா கணக்கு எழுதறோம்? படமே போடாத சாஃப்ட்வேர் ஒண்ணுகூடவா இல்ல?"

கேட்டுவிட்டு, ஆடும் கடைவாய்ப் பல்லை நாக்கால் துழாவினார். சங்கடம் வந்தால் அவர் நாக்கு அங்கேதான் போகும்.

அவர் கவலை அவருக்கு. மீன் பிடிக்க மனைவிக்குத் தெரியாமல் வாங்கிக் குவித்த தூண்டில்களின் செலவையெல்லாம் 'பல் வைத்தியம்' என்ற தலைப்பில்தான் எழுதி வைத்திருந்தார். வரிவரியாகக் கிடக்கும்வரை யார் கண்ணிலும் படாது. வட்டமாகப் போட்டால் பாதி வட்டம் பல்லாகத்தான் இருக்கும்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"படம் போடறதையே வச்சுக் குடு தம்பி. பதினோரு வருஷமா பல்லுக்குச் செலவு எழுதறாரு. அந்த ஆடற பல்லு மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு நானும் பாக்கணும்."