குழம்புக்குள் ஆட்டு மணி

என் மாமா ஓர் ஆட்டுத் திருடர் என்று சின்ன வயதில் முழுமனதாக நம்பினேன். அதுவும் போலீஸ் ஏட்டையாவின் ஆடு. திருடிக் குழம்பு வைத்து, அதே ஏட்டையாவுக்கு இலை போட்டுப் பரிமாறியவர் என்றும் நம்பினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல். வெஸ்ட் இண்டீஸ் பக்கம் போய்விட்டு, லீவில் தென்காசிக்கு வந்திருந்தார். எங்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் கிரிக்கெட். அவர் கொண்டுவந்ததோ ஒரு பழைய கதைப் புத்தகம். அந்தத் தீவுக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷிலேயே எழுதிய சிரிப்புக் கதைகள். பக்கத்து வீட்டு இங்கிலீஷ் வாத்தியார் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூராம் தப்புல்லா இருக்கு" என்றார்.

"தப்பில்ல சார், அது அவங்க ஊர்ப் பேச்சு. நாம வருதான், போதான்னு பேசலியா?" என்றார் மாமா.

சாரல் அடிக்கும் சாயங்காலங்களில் அந்தக் கதைகளை எங்கள் பேச்சில் சொல்லுவார். தீவு, கேரள எல்லையில் செக்போஸ்ட் இருக்கிற எங்கள் புளியறையாகிவிடும். தீவுப் போலீஸ்காரர் ஏட்டையாவாகிவிடுவார். எழுதினவன் 'நான்' என்று எழுதியிருந்தான். மாமாவும் 'நான்' என்றே சொன்னார். "செக்போஸ்ட்டுக்குப் பின்னால ஆடு மேயுது. நான் பைய கயித்த அவுக்கேன்..." கடைசியில் ஏட்டையா ருசித்துச் சாப்பிடும்போது, குழம்புக்குள் அவருடைய ஆட்டின் கழுத்து மணி கிடைக்கும். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கப்பலுக்குப் போகாதலே. குத்தாலத்துல ஒரு ஓட்டல் போடு, போதும்" என்பாள். தம்பி கம்பி எண்ணப் போகிறான், இவள் ஓட்டல் போடச் சொல்கிறாளே என்று நான் வாசலை எட்டிப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு. வாசலில் புல்லட் வந்து நின்றது. இறங்கியவர் நிஜமான ஏட்டையா.

ஓடிப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒளிய வேண்டிய ஆள் நானில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மாமாவோ, "வாங்க ஏட்டையா, ஒரு வாய் சாப்ட்டுட்டுத்தான் போணும்" என்று இலையை விரிக்கிறார். கதையிலும் இந்த இடத்தில் இலைதான் விரிப்பார்!

ஏட்டையா சோற்றில் கை வைக்கவும், பாய்ந்து போய்க் குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினேன். குழம்பு தெறித்தது.

"ஏலே, என்னத்தத் தேடுத?" என்றார் ஏட்டையா.

"மணிய" என்றேன். அத்தோடு அழுகை பீறிட்டது. "ஏட்டையா, ஒங்க ஆட்ட மாமா தெரியாமத் திருடிட்டாரு. பிடிச்சிட்டுப் போயிராதீங்க."

ஏட்டையா கையிலெடுத்த சோற்றைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லுதான் பய?"

அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா உள்ளறைக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்த இடத்தை விரித்து எங்கள் பேச்சில் வாசித்தார். மணி வந்ததும் ஏட்டையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நம்ம டிபார்ட்மெண்டு அங்கனயும் இப்படித்தானா!" இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் வந்தது மாமாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதற்கான விசாரணைக்கு. மாமா மேல் கேஸ் ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கப்பல். அம்மாவுக்கு அது தெரியும். அந்த ஆடு கதையில் வரும் ஆடு என்பதும் தெரியும். மாமா புத்தகத்தோடு திரும்பி வரும்வரை, "அது வெறுங் கதை" என்று அவள் சொல்லவேயில்லை.

சாரல் முடியுமுன் மாமா கப்பலேறிவிட்டார்.