வாயை ஊதச் சொன்னவள்

நான் கள் குடித்ததே இல்லை. இதைக் கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் முதலமடையில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் மாந்தோப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் பட்டப்பகலில் தள்ளாடினால் வேறு என்னத்தை நினைப்பார்கள்?

எழுபதுகளின் நடுவில் எனக்கு அது ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்வரை நான் ராஜா. மாங்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு லாரிவரை நடந்தால் மூச்சிரைக்கும், கை சில்லிடும், கண் இருட்டி கால் பின்னும். மரத்தடியில் கொஞ்சம் சாய்ந்தால் சரியாகிவிடும். அண்ணன் வந்து பார்க்கும் நேரத்தில் நான் சுகமாக வெற்றிலை மென்றுகொண்டிருப்பேன்.

"வேல செய்யறப்ப மட்டும் வர்ற நோவாடா இது?" என்பார்.

என் மனைவி அவருக்கும் மேலே. அத்தை மகள்தான். தாய்வீட்டு மோரிலேயே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பவள். சாயங்காலம் வாசலில் கால் வைத்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு வருவாள்.

"ஏனுங்க மாமா, வாய ஊதுங்க."

"குடிக்கல புள்ள."

"அப்பறம் எதுக்குங்க வெத்தல?"

வெற்றிலையை விட்டேன். "இப்ப எதுக்குங்க உட்டீங்க?" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பதிலுக்கு நானும் சந்தேகப்பட்டேன். அண்ணன்தான் இவளுக்கு ஓதுகிறார் என்று நினைத்தேன். குடியை மறக்கடிக்கும் மருந்தைக் குழம்பில் கலக்கிறாளோ என்று அவள் முதல் கவளம் உண்ணும்வரை காத்திருந்தேன்.

அந்த வருஷம் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்க விரதம் இருந்தேன். காவடியைத் தோளில் வைத்து நடந்து பழகும்போது ஊர் எல்லையிலேயே தள்ளாடி உட்கார்ந்துவிட்டேன். விரதத்தில் குடித்தவன் தோளில் காவடி ஏறக்கூடாது என்று அண்ணனே அதை இறக்கி வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்வதை ஒருத்தராவது நம்ப வேண்டும், அது போதும் என்றிருந்தது.

கோயமுத்தூருக்கு டாக்டரிடம் கிளம்பினேன். காவலுக்கு மனைவியும் வந்தாள். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அப்போது மதுவிலக்கு. என் நடையைப் பார்த்த போலீஸ்காரர் "ஊதுய்யா" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அவர் விடவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு படியில் ஏறி இறங்கச் சொல்லி, உடனே மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வேலை செய்யற தசை ரத்தம் கேட்டுக் கூப்பாடு போடும்மா. நல்ல இதயம் கூடுதலா அனுப்பும், அழுத்தம் ஏறும். இவர் இதயத்தால அனுப்ப முடியல. அதனால நரம்பெல்லாம் அரண்டுபோய் கை கால் ரத்தக் குழாயை இறுக்கிச் சாத்துது. அதான் சில்லுனு ஆகுது. அப்படியும் சமாளிக்க முடியாம அழுத்தம் இறங்குது. அதான் தள்ளாட்டம்."

கிணற்று ஆயில் என்ஜின் தண்ணீரைச் சரியாக இழுக்காதபோது நாங்கள் கடைசி வாய்க்கால்களை அடைப்போமே, அதுதான் என்று எனக்குப் புரிந்தது. சிறுவயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டதாம். இப்போதைக்கு மாத்திரை. ஆனால் மெட்ராசில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும்.

கத்தி என்றதும் எனக்குப் பயம். மாத்திரையிலேயே குணமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவள் வாயை முகர்வதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாகத் தோப்புக்கு வந்து, சில்லிட்டிருக்கிறதா என்று என் கையைத் தொட்டுப் பார்ப்பாள். நானா சிக்குவேன்? அவள் வருவது தெரிந்ததும் ஆயில் என்ஜின் புகைக்குழாய்ப் பக்கத்தில் கையைக் காட்டிச் சூடாக்கிக்கொள்வேன்.

ஒருநாள் கையைத் தொட்டவள் விடவில்லை. பழைய வழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். டீசல் நாற்றம். மெல்ல என் காதைத் தொட்டாள். அது ஐஸாக இருந்தது.

"குடிக்கலீன்னு நீங்க சொன்னப்பெல்லாம் நான் நம்பலீங்க மாமா" என்றாள். "நீங்க பொய் சொன்னா எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."